பிறர் உடலைத் தாங்கும் முதுகுகள்: பலெர்மோ தமிழர்களும் இயன்முறை மருத்துவமும்

இத்தாலியின் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில், 1980களிலிருந்து குடியேறிய இலங்கைத் தமிழர்களில் கணிசமானோர் வீட்டு வேலைகளையும் முதியோர் பராமரிப்பையும் தமது வாழ்வாதாரமாகக் கொண்டுள்ளனர். படுக்கையில் இருப்பவரைப் புரட்டுவது, நாற்காலிக்கு மாற்றுவது, குளிப்பாட்டுவது, விழுந்தவரைத் தூக்குவது என்று இன்னொருவரின் உடல் எடையைத் தமது உடலால் தாங்கும் வேலை அது. இந்த வேலையில் முதுகும் தோளும் முழங்காலும் முதலில் பாதிக்கப்படுகின்றன.

இப்படிப்பட்ட பாதிப்புகளுக்கு மருத்துவ உலகம் முன்வைக்கும் முக்கியமான பதில்களில் ஒன்று, தமிழில் இயன்முறை மருத்துவம் என்றும் இயன்மருத்துவம் என்றும் அழைக்கப்படும் பிசியோதெரபி. ஆனால், அது எண்ணெய் தேய்ப்பதைப் போன்ற ஒன்று அல்லது மின்சாரக் கருவியின் கீழ் படுத்திருப்பது என்ற எண்ணமே இன்னும் பலரிடம் நிலவுகிறது. இந்தத் துறையின் அடிப்படைகள் என்ன, அதன் பிரிவுகள் எவை, பலெர்மோ போன்ற நகரில் பணிபுரியும் ஒருவருக்கு அது எந்த அளவுக்கு எட்டக்கூடியது என்பன ஆராயப்பட வேண்டிய கேள்விகள்.

முதுமையடையும் நாடு

இத்தாலியின் மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர். ஐரோப்பாவிலேயே மிக வேகமாக முதுமையடைந்துவரும் நாடுகளில் ஒன்று அது. முதியோரைக் குடும்பத்துக்குள்ளேயே வைத்துப் பராமரிக்கும் வழக்கம் அங்கு வலுவாக இருந்தாலும், அந்தப் பராமரிப்பைச் செய்யும் கைகள் பெரும்பாலும் வெளிநாட்டவருடையவை. இத்தாலிய மொழியில் 'பதாந்தே' என்று அழைக்கப்படும் வீட்டுப் பராமரிப்பாளர்களில் பெரும்பான்மையினர் குடியேறிகளே.

இத்தாலியில் உள்ள ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையரில் சிங்களவர்களே அதிகம். மிலானோ, நேப்பிள்ஸ், வெரோனா போன்ற நகரங்களில் அவர்கள் செறிந்து வாழ்கின்றனர். பலெர்மோவின் நிலை சற்று வேறுபட்டது. இலங்கைத் தமிழர்கள் தமக்கென ஓர் அடையாளத்தைப் பதித்துள்ள இத்தாலிய நகரம் அது. நகரின் காவல் புனிதையான சாந்தா ரோசாலியாவின் குகைக் கோயிலுக்கு, கத்தோலிக்கத் தமிழர்களோடு இந்துத் தமிழர்களும் பெல்லெக்ரினோ மலைமீது ஏறிச் செல்வதை ஆய்வாளர்களும் செய்தியாளர்களும் பல தடவை பதிவு செய்துள்ளனர்.

சட்டத்தில் ஓர் இடைவெளி

வேலையிடப் பாதுகாப்பு குறித்த இத்தாலியின் முதன்மைச் சட்டம் 2008ஆம் ஆண்டின் 81ஆம் இலக்க ஆணை. பாரங்களைக் கையால் தூக்குவதால் ஏற்படும் ஆபத்தை மதிப்பிடுவதும், உரிய கருவிகளையும் பயிற்சியையும் வழங்குவதும் வேலை கொடுப்பவரின் கடமை என்று அது வகுக்கிறது. மருத்துவமனைகளில் நோயாளிகளைத் தூக்கும் உதவியாளர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

ஆனால், இதே சட்டம் 'தொழிலாளி' என்பதற்குத் தரும் வரையறையிலிருந்து வீட்டுப் பணியாளர்களை வெளிப்படையாக விலக்குகிறது. மருத்துவமனையில் ஒரு நோயாளியைத் தூக்குபவருக்கு உள்ள பாதுகாப்பு, அதே நோயாளி வீடு திரும்பிய பின்னர் அவரைத் தூக்குபவருக்கு இல்லை. பாரந்தூக்கி தரவேண்டும், தூக்கும் முறையைக் கற்றுத்தர வேண்டும் என்ற கட்டாயம் அந்த வீட்டுக்கு இல்லை.

நோய்க்கால ஊதியத்திலும் இதே நிலைதான். பிற தொழிலாளர்கள் பலருக்கு நோயுற்ற நாட்களில் உதவித்தொகை வழங்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான 'இன்ப்ஸ்', வீட்டுப் பணியாளர்களுக்கு அதை வழங்குவதில்லை. தேசிய அளவிலான கூட்டு ஒப்பந்தத்தின்படி வேலை கொடுப்பவரே அந்த ஊதியத்தைத் தரவேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவருக்குக்கூட அது ஆண்டுக்கு 15 நாட்களோடு முடிந்துவிடுகிறது. முதல் மூன்று நாட்களுக்குப் பாதி ஊதியமே கிடைக்கும். முதுகுவலி குணமாக ஆறு வாரங்கள் தேவைப்பட்டால், எஞ்சிய நாட்களின் இழப்பு தொழிலாளியைச் சேர்கிறது. வலி நிவாரண மாத்திரையோடு வேலைக்குத் திரும்பும் வழக்கத்தின் பின்னணியில் இந்தக் கணக்கும் உள்ளது.

சிசிலியில் பிறந்த ஒரு கணிதம்

தூக்கும் வேலை உடலை ஏன் இவ்வளவு வருத்துகிறது என்பதற்கான விளக்கத்தைத் தேடினால், அதுவும் சிசிலித் தீவுக்கே இட்டுச் செல்கிறது. 1608இல் நேப்பிள்ஸில் பிறந்த ஜியோவன்னி அல்ஃபோன்சோ பொரெல்லி, சிசிலியின் மெசினா நகரில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். விலங்குகளின் இயக்கம் பற்றிய அவரது நூல், அவர் இறந்த பின்னர் 1680-81ஆம் ஆண்டுகளில் ரோமில் வெளியானது. எலும்புகளை நெம்புகோல்களாகவும் தசைகளை அவற்றை இயக்கும் விசைகளாகவும் கருதி, உடலின் அசைவைக் கணக்கிட முனைந்த அந்த நூல் உயிர்விசையியல் என்ற துறைக்கு அடித்தளமிட்டது.

தசைகள் தாம் தாங்கும் பாரத்தைவிடப் பன்மடங்கு விசையைச் செலுத்தவேண்டியுள்ளது என்பது பொரெல்லியின் முக்கியமான கண்டுபிடிப்பு. காரணம் எளிது. தசைகள் மூட்டுக்கு மிக அருகில் பொருந்தியுள்ளன. பாரமோ தொலைவில் இருக்கிறது.

முதுகெலும்பை நிமிர்த்தும் தசைகள் அதன் சுழல்மையத்திலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில் செயல்படுவதாகக் கொள்ளலாம். 20 கிலோ பாரத்தை உடலிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், அதைச் சமன்செய்ய அந்தத் தசைகள் 200 கிலோ எடைக்கு இணையான விசையைச் செலுத்த வேண்டும். அதே பாரத்தை 25 சென்டிமீட்டர் தூரத்துக்கு இழுத்து அணைத்துக்கொண்டால் அது 100 கிலோவாகப் பாதியாகிறது. குனிந்திருக்கும் மேலுடலின் எடை இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அதைச் சேர்த்தால் சுமை மேலும் கூடும்.

கட்டிலை இடுப்பு உயரத்துக்கு உயர்த்துவது, நோயாளியை நெருங்கி நிற்பது, தூக்குவதற்குப் பதிலாக வழுக்கும் விரிப்பின் மீது நகர்த்துவது, எழுந்திருக்கும்போது நோயாளியையும் தம் கால்களை ஊன்றச் சொல்வது போன்ற அறிவுரைகள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வருபவை.

அடிப்படைக் கருத்துகள்

நவீன இயன்முறை மருத்துவத்தின் வரலாறு பல இழைகளைக் கொண்டது. சுவீடனில் 1813இல் பெர் ஹென்ரிக் லிங் தொடங்கிய உடற்பயிற்சி நிறுவனம், லண்டனில் 1894இல் நான்கு தாதியர் உருவாக்கிய சங்கம், முதலாம் உலகப்போரில் காயமுற்ற படையினர், இளம்பிள்ளைவாதம் தாக்கிய குழந்தைகள் ஆகிய எல்லாம் சேர்ந்தே அதைத் தனித் தொழிலாக்கின. உலகளாவிய கூட்டமைப்பு 1951இல் உருவானது. அது தோன்றிய செப்டம்பர் 8ஆம் தேதி உலக இயன்முறை மருத்துவ தினமாக அனுசரிக்கப்படுகிறது.

இத்துறையின் முதல் கருத்து, சிகிச்சையின் இலக்கு அசைவும் செயல்திறனும் என்பது. உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்றுக்கொண்ட செயல்பாடு, இயலாமை, ஆரோக்கியம் பற்றிய சர்வதேச வகைப்பாடு இதை மூன்று தளங்களில் பார்க்கச் சொல்கிறது. உடலுறுப்பு எவ்வாறு உள்ளது, அந்த நபரால் என்ன செய்ய முடிகிறது, சமூக வாழ்வில் அவர் எந்த அளவுக்குப் பங்கேற்கிறார் என்பனவே அவை. முழங்கால் தேய்ந்த ஒருவரின் மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்பது முதல் தளம். படியேற முடிகிறதா என்பது இரண்டாவது. ரோசாலியாவின் குகைக்கோயிலுக்கு மற்றவர்களோடு சேர்ந்து ஏறிச்செல்ல முடிகிறதா என்பது மூன்றாவது. நோயாளிக்கு முக்கியமானது பெரும்பாலும் அந்த மூன்றாவது கேள்விதான்.

இரண்டாவது கருத்து மதிப்பீடு. சிகிச்சை தொடங்குமுன் நோயாளியின் வரலாறு, வேலை, உறக்கம், அச்சங்கள் ஆகியவற்றைக் கேட்டறிந்து, அசைவையும் வலிமையையும் சோதிப்பது இயன்முறை மருத்துவரின் முதற்கடமை. உடனடியாக வேறு மருத்துவரிடம் அனுப்பவேண்டிய அறிகுறிகளை இனங்காண்பதும் இதில் அடங்கும். முதுகுவலியோடு இரு கால்களிலும் பலவீனம், மலசலத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, தொடையிடுக்கில் உணர்வின்மை ஆகியவை தோன்றினால் தாமதமின்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவேண்டும். காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, முன்னர் புற்றுநோய் இருந்த வரலாறு ஆகியனவும் கூர்ந்து கவனிக்கப்பட வேண்டியவை.

மூன்றாவது கருத்து அளவு. மருந்துக்கு அளவு இருப்பதுபோல் பயிற்சிக்கும் உண்டு. தசையும் எலும்பும் தசைநாணும் தம்மீது விழும் சுமைக்கேற்பப் படிப்படியாக வலுப்பெறுபவை. சுமை திடீரென மிகுந்தால் காயம் ஏற்படும். சுமையே இல்லாவிட்டால் அவை நலியும். நீண்டகாலப் படுக்கை ஓய்வு முதுகுவலிக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்கிறது என்று கூறப்படுவதன் அடிப்படை இதுதான்.

நான்காவது கருத்து, வலியும் சேதமும் ஒன்றல்ல என்பது. பெரும்பாலான முதுகுவலிகளுக்குத் தெளிவான ஒற்றைக் காரணம் கிடைப்பதில்லை. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களிலும் தேய்வுகள் தென்படுவதுண்டு. உறக்கமின்மை, மன அழுத்தம், வேலை பறிபோகும் என்ற அச்சம் ஆகியன வலியை நீடிக்கச் செய்யக்கூடியவை. வேலை கொடுப்பவரின் வீட்டிலேயே தங்கி, இரவில் பலமுறை எழுந்து பராமரிக்கும் ஒருவரின் வலியைத் தூக்கும் முறையால் மட்டும் விளக்கிவிட முடியாது.

செய்வதும் செய்துவிடுவதும்

2020இல் உலகெங்கும் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியோடு வாழ்ந்ததாகவும், 2050இல் அந்த எண்ணிக்கை 84.3 கோடியை எட்டக்கூடும் என்றும் உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டுள்ளது. உலகில் இயலாமைக்கு முதன்மைக் காரணமாக இருப்பதும் அதுவே.

நாட்பட்ட கீழ்முதுகு வலி குறித்து உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பலரது எதிர்பார்ப்புக்கு மாறானவை. நோயாளிக்குத் தன் நிலைபற்றிய விளக்கம், பயிற்சித் திட்டம், உளவியல் ஆதரவு, சில கைமுறைச் சிகிச்சைகள் ஆகியவற்றை அவை ஆதரிக்கின்றன. இடுப்புப் பட்டைகள், இழுவைச் சிகிச்சை, மின்தூண்டல், ஒலி அலைச் சிகிச்சை, ஓப்பியாய்டு வகை வலிநீக்கிகள் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை.

சிகிச்சை நிலையங்களில் நோயாளிகள் விரும்பிக் கேட்பவை பெரும்பாலும் இரண்டாவது பட்டியலில் உள்ளவைதான். கருவியின் கீழ் படுத்திருப்பது எளிது. வேலை முடிந்து களைத்துத் திரும்பியவர் வீட்டில் தனியாகப் பயிற்சி செய்வது கடினம். ஆனால், நீடித்த பயனைத் தருவது நோயாளி தாமே செய்வதுதான், பிறர் செய்துவிடுவது அல்ல என்பதே இத்துறையின் இன்றைய நிலைப்பாடு. மசாஜ் இதம் தரக்கூடும். அது மட்டுமே சிகிச்சையாகிவிடாது.

சிறப்புப் பிரிவுகள்

எலும்பு, மூட்டு, தசை சார்ந்த பிரிவே பலரும் அறிந்தது. அதற்கு அப்பாலும் இத்துறை விரிந்துள்ளது.

நரம்பியல் பிரிவு பக்கவாதம், பார்க்கின்சன் நோய், தண்டுவடக் காயம் ஆகியவற்றைக் கையாள்கிறது. மூளையின் சேதமடையாத பகுதிகள் புதிய இணைப்புகளை உருவாக்கிக்கொள்ளும் திறன் கொண்டவை என்பதும், அதற்கு ஒரே செயலைப் பலமுறை பயிற்சி செய்யவேண்டும் என்பதும் இப்பிரிவின் அடிப்படை. தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கான மறுவாழ்வுப் பிரிவு பலெர்மோவின் வில்லா தெல்லே ஜினெஸ்த்ரே மருத்துவமனையில் இயங்குகிறது.

இதய, நுரையீரல் பிரிவு தீவிர சிகிச்சைக் கூடங்களிலேயே பணியைத் தொடங்குகிறது. சிசிலிப் பிராந்திய அரசும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மருத்துவ மையமும் இணைந்து 1997இல் பலெர்மோவில் உருவாக்கிய இஸ்மெத் நிலையம் உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பெயர் பெற்றது. அங்கு 1999இல் முதல் கல்லீரல் மாற்று சிகிச்சை நடந்தது. இத்தகைய பெரும் அறுவைகளுக்குப் பிறகு நோயாளியை விரைவில் உட்காரவும் நடக்கவும் செய்வது, நுரையீரல் தொற்றையும் தசை இழப்பையும் குறைக்க உதவுகிறது.

மூளை முடக்குவாதம் போன்ற நிலைகளுடன் பிறக்கும் குழந்தைகளுக்கான பிரிவு, விளையாட்டின் வழியே அசைவைக் கற்பிக்கிறது. மகப்பேற்றுக்குப் பின்னும் முதுமையிலும் சிறுநீர்க் கசிவால் அவதிப்படும் பெண்களுக்கான இடுப்புத்தளப் பிரிவு, தமிழ்ப் பெண்கள் வெளியே பேசத் தயங்கும் ஒரு பிரச்சனைக்கு எளிய தீர்வுகளைக் கொண்டுள்ளது. பாரம் தூக்கும் வேலை அந்தக் கசிவை மோசமாக்கக்கூடும் என்பதால் பராமரிப்பாளர்களுக்கு இது நேரடித் தொடர்புடையது. புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் கை வீங்குவோருக்கான பிரிவும், விளையாட்டு வீரர்களுக்கான பிரிவும் தனித்தனியே வளர்ந்துள்ளன.

முதியோர் பிரிவு, தசையிழப்பைத் தடுப்பதிலும் விழாமல் காப்பதிலும் கவனம் செலுத்துகிறது. பலெர்மோவின் தமிழர்கள் இத்துறையோடு நாள்தோறும் தொடர்புகொள்வது இந்தப் பிரிவின் வழியேதான். இயன்முறை மருத்துவர் வாரத்தில் சில மணிநேரமே வந்துபோகிறார். மீதி நேரம் முழுவதும் நோயாளியோடு இருப்பவர் பராமரிப்பாளர். பக்கவாதத்தால் செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து நோயாளியை எழுப்பினால், பிடிப்பிழந்த தோள்மூட்டு நழுவவும் நிரந்தர வலி தோன்றவும் கூடும். இந்த ஒரு செய்தி பராமரிப்பாளருக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட்டால், பல வாரச் சிகிச்சையின் பயன் காப்பாற்றப்படும்.

வேலூரும் யாழ்ப்பாணமும்

தமிழர்களுக்கு இத்துறை முற்றிலும் புதியதல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியிலிருந்து பால் பிராண்ட், தொழுநோயால் முடங்கிய கைகளில் தசைநாண்களை இடம்மாற்றும் அறுவைகளைச் செய்தார். வேறொரு வேலைக்குப் பழகிய தசைக்குப் புதிய வேலையைக் கற்றுத்தர, அறுவைக்குப் பின் நீண்ட பயிற்சி தேவைப்பட்டது. அதே மருத்துவமனையின் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்த அவர், நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி வேலூரில் அந்தத் துறையை வளர்த்தார். அங்கு மறுவாழ்வு நிலையம் 1966இல் தொடங்கப்பட்டது.

இலங்கையின் வடபகுதியில் போர் இதே தேவையை வேறு வடிவில் கொண்டுவந்தது. கண்ணிவெடிகளாலும் எறிகணைகளாலும் கால்களை இழந்தோருக்கு, யாழ்ப்பாணத்தின் ஜெய்ப்பூர் நிலையம் செயற்கைக் கால்களைப் பொருத்தி நடைபயிற்சி அளித்தது. செயற்கைக் கால் பொருத்துவது ஒருநாள் வேலை. அதை நம்பி உடல் எடையை ஊன்றக் கற்பது பல வார வேலை.

யார் இயன்முறை மருத்துவர்

இத்தாலியில் இந்தத் தொழிலின் வரையறை 1994ஆம் ஆண்டின் அமைச்சக ஆணையால் வகுக்கப்பட்டது. பலெர்மோ பல்கலைக்கழகம் உட்படப் பல பல்கலைக்கழகங்கள் மூன்றாண்டுப் பட்டப்படிப்பை வழங்குகின்றன. 2018இல் சட்டப்படி தொழில்முறைப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. 2022இல் இயன்முறை மருத்துவர்களுக்கென்றே தனி ஒழுங்கமைப்பு உருவானது. பதிவு இல்லாமல் இத்தொழிலைச் செய்வது தண்டனைச் சட்டத்தின் கீழ் குற்றம். வீட்டுக்கு வந்து குறைந்த கட்டணத்தில் சிகிச்சை தருவதாகக் கூறுபவர் பதிவுபெற்றவரா என்று சரிபார்க்க நோயாளிக்கு வழி உண்டு. இந்தியாவிலும் 2021இல் நிறைவேற்றப்பட்ட துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இத்துறையை ஒழுங்குபடுத்த முனைகிறது.

எட்டும் தூரமா

இத்தாலியின் பொதுச் சுகாதார சேவை 1978இல் தொடங்கப்பட்டது. வதிவிட உரிமம் உள்ள வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அதில் பதிந்து, குடும்ப மருத்துவர் ஒருவரைத் தெரிவுசெய்யலாம். குடும்ப மருத்துவர் 'இம்பெக்னாதிவா' எனப்படும் பரிந்துரைச் சீட்டைத் தருவார். அதைக்கொண்டு 'ஃபிசியாத்ரா' எனப்படும் மறுவாழ்வு நிபுணரைச் சந்திக்கலாம். அவர் வகுக்கும் திட்டத்தின்படி இயன்முறை சிகிச்சை தொடங்கும். 'டிக்கெட்' எனப்படும் பங்குக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கலாம். வருமானம், நோய் ஆகியவற்றின் அடிப்படையில் விலக்குகள் உண்டு. உரிமம் இல்லாதோருக்கும் 'எஸ்தீபி' எனப்படும் குறியீட்டு அட்டையின் மூலம் அவசர, அத்தியாவசிய சிகிச்சை பெறும் உரிமை உள்ளது.

வேலையின்போது விபத்து நேர்ந்தால், தொழில் விபத்துக் காப்புறுதி நிறுவனமான 'இனாயில்' மூலம் இழப்பீடு கோரலாம். பதிவுசெய்யப்பட்ட வீட்டுப் பணியாளருக்காகச் செலுத்தப்படும் பங்களிப்பிலேயே இந்தக் காப்புறுதியும் அடங்கியுள்ளது. விபத்து எவ்வாறு நேர்ந்தது என்பதை முதல்நாளே மருத்துவச் சான்றிதழில் பதியச் செய்வது இதில் முக்கியம். பதிவின்றி வேலை செய்பவர், தாம் அங்கு வேலை செய்ததையே நிரூபிக்கப் போராட வேண்டியிருக்கும்.

காகிதத்தில் உள்ள இந்தப் பாதை, நடைமுறையில் பல இடங்களில் அடைபடுகிறது. பொதுச் சேவையில் காத்திருப்பு நீளலாம். தனியார் சேவைக்குப் பணம் வேண்டும். வேலை கொடுப்பவரின் வீட்டிலேயே தங்கிப் பணிபுரிபவருக்கான வாராந்திர ஓய்வு 36 மணிநேரம். அதில் 24 மணிநேரம் ஞாயிற்றுக்கிழமையில் வருவதால், பெரும்பாலான சிகிச்சை நிலையங்கள் மூடியிருக்கும் நாளில்தான் அவருக்கு ஓய்வு கிடைக்கிறது. பயிற்சியை விளக்கும் மொழி இத்தாலியன். பலெர்மோவில் பிறந்து வளர்ந்த இளந்தலைமுறை இந்த மொழித்தடையைப் பெற்றோருக்காக ஓரளவு கடந்து கொடுக்கிறது. ஆனால், தாயின் உடல்நிலையை மகன் மொழிபெயர்க்கும்போது சொல்லப்படாமல் போகும் செய்திகளும் உண்டு.

மறுவாழ்வுச் சேவையால் பயனடையக்கூடியவர்கள் உலகில் 240 கோடிப் பேர், அதாவது மூன்றில் ஒருவர், என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்தச் சேவையை அடிப்படைச் சுகாதாரத்தின் அங்கமாக்க வேண்டும் என்ற அழைப்பை அது 2017இல் விடுத்தது. பலெர்மோவில் இந்த அழைப்புக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. 1980களில் இளைஞர்களாக வந்து நகரின் முதியோரைத் தாங்கியவர்கள் இப்போது தாமே அறுபது வயதை நெருங்கியோ கடந்தோ உள்ளனர். ஒரு பாரந்தூக்கியும் சில மணிநேரப் பயிற்சியும் தடுத்திருக்கக்கூடிய வலிகளுக்கு அவர்களில் பலர் இனிதான் சிகிச்சை தேட வேண்டியிருக்கும். அவர்களுக்குப் பின் அதே வேலைக்கு வருபவர்களுக்காவது அந்தக் கருவியும் பயிற்சியும் கிடைக்குமா என்பது, வீட்டின் கதவைத் தாண்டிச் செல்லத் தயங்கும் வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் எதிர்காலத்தைப் பொறுத்தது.